வெள்ளிக்கிழமை போகலாம்

காலை எட்டு மணிக்கு ஹெட்போனைத் தலையில் மாட்டினால், மாலை நாலு மணிக்குக் கழற்றும்வரை அவள் மற்றவர்களாகத்தான் இருப்பாள். வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் பேசும் டாக்டருக்கும் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும் நடுவில், தன் வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். 'டாக்டர் சொல்றார்' என்று சேர்க்கக் கூடாது என்பது முதல் விதி. டாக்டர் 'நான்' என்றால் இவளும் 'நான்'. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் குழந்தை டாக்டராகவும், ஆறு மாதக் கர்ப்பிணியாகவும், சர்க்கரை வியாதியை மருமகளிடம் மறைக்கும் மாமனாராகவும் இருந்து முடித்திருப்பாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வயிற்றுக்காக, "எனக்கு நாலு நாளா வெளிக்குப் போகலை டாக்டர்" என்று கூச்சநாச்சமில்லாமல் இங்கிலீஷில் சொல்லியிருப்பாள்.

பேர் சொல்லக் கூடாது, எண் மட்டும்தான். அவளுக்கு நானூற்றுப் பதினேழு. அலுவலகத்தில் அது சுருங்கிப் 'பதினேழு' ஆகிவிட்டது. துணி வெளுக்கக் கொடுக்கும் கடையில் பேர் கேட்டபோது ஒரு முறை எண்ணைச் சொல்ல வாயெடுத்து, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலை செய்வது பின்பக்கத்துப் படுக்கையறையில். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்குக் கெட்டித் திரை, கதவின் உட்புறம் ஆணியடித்து மாட்டிய பழைய போர்வை. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மைக்கில் விழுகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டாள். குறிப்பெடுத்த தாள்களை வேலை முடிந்ததும் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் போடுவாள். மற்றவர்களுடைய நோய் தன் வீட்டில் தங்கக் கூடாது என்பது இரண்டாவது விதி.

கணவன் போய்ப் பன்னிரண்டு வருடமாயிற்று. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்போல முன்கூட்டியே சொல்லிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டு போனான். குழந்தை குட்டி கிடையாது. தூர தேசத்தில் ஒரு தங்கை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் பண்ணுவாள். மற்றபடி அந்த வீட்டில் ஒலிக்கும் குரல் இவளுடையது ஒன்றுதான், அதுவும் வாடகைக்கு விட்ட குரல்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. பெண் டாக்டர். படுக்கையில் இருந்தது ஒரு வயதான அம்மாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகியும் எழுந்து நடக்கவில்லை. பேசியவர் அவருடைய கணவர். குரலை வைத்துப் பார்த்தால் எழுபத்தைந்துக்குக் குறையாது. டாக்டர் காயம் ஆறிவருவதைப் பற்றிச் சொன்னார், மாத்திரையைப் பற்றிச் சொன்னார். கிழவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்பம்மா வீட்டுக்கு அனுப்புவீங்க?"

டாக்டர் சொன்னார்: "ஷீ மே கோ ஹோம் ஆன் ஃப்ரைடே."

அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்."

"போகலாமா?" என்றார் கிழவர். அந்த ஒரு சொல்லில் அவர் குரலுக்கு இருபது வயது குறைந்தது. "இந்தா, கேட்டியா? வெள்ளிக்கிழமை போகலாமாம்." பின்னால் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் 'வில்' சொல்லவில்லை. 'இஸ் கோயிங்' சொல்லவில்லை. அதெல்லாம் நாள் குறித்தாகிவிட்டது என்கிற பேச்சு. டாக்டர் சொன்னது 'மே'. போனாலும் போகக்கூடும், பார்க்கலாம் என்கிற தொனிதான் அதில் இருந்தது. ஆனால் கேட்கிறவன் நினைத்தால் அதே 'மே' அனுமதியும் ஆகும், 'தடையில்லை, தாராளமாகப் போங்கள்' என்று. தமிழில் அவள் எடுத்துப் போட்ட 'லாம்' அதற்கு ஒட்டிப் பிறந்த உடன்பிறப்பு. அதுவும் ரெட்டை முகம். டாக்டர் ஒரு முகத்தைக் காட்டினார், கிழவர் மற்ற முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

நிறுத்திக் கேட்க வழியிருந்தது. "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்று இரண்டு மொழியிலும் அறிவித்துவிட்டு விளக்கம் கேட்கலாம். அந்த ஒரு இடத்தில்தான் அவளுக்குச் சொந்தமாகப் பேச அனுமதி. அதற்குள் டாக்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். பிசியோதெரபி, சாய்வு நாற்காலி, வலி மாத்திரை. அவளும் பின்னாலேயே ஓடினாள். ஆறு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. அடுத்தது பல் ஆஸ்பத்திரி.

அந்த வேளையில் தமிழுக்கு நாலு மொழிபெயர்ப்பாளர்கள்தான் இருந்தார்கள். அதனால் ஒரு முறை கேட்ட குரல் மறுபடி வருவது சகஜம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அதே வார்டு வந்தது. இந்த முறை ஒரு நர்ஸ். நின்றுகொண்டே பேசுகிற அவசரம்.

"இன்னைக்கு டிஸ்சார்ஜ்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்று நர்ஸின் கேள்வியைத் தமிழில் சொன்னாள் அவள்.

கிழவர் தடுமாறினார். பக்கத்து வீட்டுக்காரர் காரோடு கீழே காத்திருக்கிறார் என்றார். மாடியிலிருந்த கட்டிலை ஆள் வைத்துக் கூடத்தில் இறக்கிப் போட்டாயிற்று, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாயிற்று, காலையிலேயே சமைத்து மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றார். "அவ நேத்துலேர்ந்து தலை சீவிப் பொட்டு வச்சு உக்காந்திருக்காம்மா. செருப்புகூடப் போட்டுட்டா."

நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். புதன்கிழமை டாக்டர் எழுதியது அதில் இருந்தது. 'மே கோ ஹோம் ஃப்ரைடே' என்றுதான் இருக்கிறது என்றாள். நேற்று ராத்திரி முதல் காய்ச்சல், நெஞ்சில் சளி, இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிற பேச்சே இல்லை. பிறகு, "ஹீ மஸ்ட் ஹேவ் மிஸ்அண்டர்ஸ்டுட்" என்றாள்.

அதை அவள் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தன் வாயால், தன் குரலில். "நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்பீங்க."

எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

"ஆமாம்மா," என்றார் கிழவர். "வயசாயிடுச்சில்ல. காதுல தப்பா விழுந்திருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். அவள் நாக்கு நுனிவரை அது வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, கிழவர் சொன்னதை வரி பிசகாமல் இங்கிலீஷில் சொன்னாள். நர்ஸ் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவளாகவே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, புதன்கிழமைப் பதிவை எடுத்துக் கேட்கச் சொன்னாள். அவரும் ஒரு காலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க. 'மே'ன்னா 'லாம்'. வேற என்ன சொல்லுவீங்க?"

"அவர் அனுமதின்னு எடுத்துக்கிட்டார் சார். டாக்டர் சொன்னது சந்தேகத்துல. 'போனாலும் போகலாம், இன்னும் முடிவாகலை'ன்னு நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும், செஞ்சிருக்கணும்னு பார்த்தா நம்ம தொழில்ல ஒருத்தரும் தூங்க முடியாது. யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்லை. அவர் தப்பைத் தன் மேலேயே போட்டுக்கிட்டார்."

"அப்ப விடுங்க. வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கறீங்க?"

விட முடியவில்லை. சொல்லியிருக்கணும் என்பது ஒரு ஆறுதல் மாதிரி, எங்கேயோ இன்னொரு அவள் சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதுபோல. அதைத் தட்டி எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது சின்ன வாக்கியம்: சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லவில்லை, வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் கிடக்கும் கட்டில் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதில் இப்போது கிழவர்தான் படுத்திருப்பாரா, இல்லை அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் பண்ணினாள்.

"இந்த வாரம் யார்கூடவாவது பேசினியாக்கா?"

"தொண்ணூறு பேர்கூட."

"அவங்க பேசினதை விடு. நீ?"

அவள் கிழவர் விஷயத்தைச் சொன்னாள். தங்கை முழுக்கக் கேட்டுவிட்டு, "டாக்டர் 'மே'ன்னாங்க, நீ 'லாம்'ன. இதுல உன் தப்பு எங்க இருக்கு?" என்றாள்.

"அவர் குரல் மாறிச்சுடி. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டும் விட்டுட்டேன்."

"சரி, சாப்பிட்டியா?" என்றாள் தங்கை.

"சாப்பிட்டேன்" என்றாள். சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து கேட்காமலேயே கூடுதல் நேரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் அந்த வார்டாக இருக்குமோ என்று எதிர்பார்த்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. மற்ற மூவரில் யாருக்கோ போயிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஒத்திகை பார்த்தாள். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட ஒரு அழைப்பு தானாக வந்தால்தான் உண்டு. இவளாக யாரையும் கூப்பிட முடியாது. அவர்கள் பேர் இவளுக்கு நினைவில் நிற்கக் கூடாது, நிற்கவும் இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கு வந்தது.

பழைய பெண் டாக்டரேதான். குரலைத் தாழ்த்தி வைத்திருந்தார். நெஞ்சுச் சளி மருந்துக்குக் கட்டுப்படவில்லை, சிறுநீரகமும் சோர்ந்துவிட்டது என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிழவர் 'சரிம்மா' சொல்வதை நிறுத்தியிருந்தார்.

"அப்ப வீட்டுக்கு எப்பம்மா?" என்றார் கடைசியில்.

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஷீ மே நாட் கோ ஹோம்."

போகக் கூடாது. போகாமலும் இருக்கலாம். போகவே மாட்டார், ஆனால் அதை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். டாக்டரிடம் ஒரு விளக்கம் கேட்கிறேன்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பிறகு டாக்டரிடம் கேட்டாள்: வீட்டுக்குப் போக அனுமதி இல்லை என்கிறீர்களா, போவது சந்தேகம் என்கிறீர்களா, போகமாட்டார் என்கிறீர்களா?

டாக்டர் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "போகமாட்டார்," என்றார். "ஷீ இஸ் டையிங். இன்னும் சில நாட்கள்தான். நானே இப்படி நேராகச் சொல்லியிருக்க வேண்டும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லையும் பூசி மெழுகாமல் சொன்னாள். "உங்க மனைவி வீட்டுக்கு வரமாட்டாங்க ஐயா. பிழைக்கமாட்டாங்க. இன்னும் சில நாள்தான். நானே இப்படி நேராச் சொல்லியிருக்கணும்."

கடைசி வாக்கியம் டாக்டருடையது. அவளுடையதும்தான்.

பிறகு, "நீங்கதானேம்மா வெள்ளிக்கிழமை போகலாம்னு சொன்னது?" என்றார் கிழவர்.

காதில் விழுவதையெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னாள். பிறகு மறுபடி, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றாள்.

"நான்தான் ஐயா. டாக்டர் அன்னைக்கு உறுதியாச் சொல்லலை. போனாலும் போகலாம்ங்கற மாதிரிதான் சொன்னாங்க. நான் மொட்டையா 'போகலாம்'னுட்டேன். உங்க காதுல தப்பா விழலை. நான்தான் தப்பாச் சொன்னேன்."

"தெரியும்மா" என்றார் கிழவர். "அந்த நர்ஸ் கேக்கும்போதே உங்க குரல் தெரிஞ்சுது. உங்க வேலைக்கு ஏதாவது வந்துடப்போகுதுன்னுதான் என் காது மேல போட்டேன்."

தான் சொன்னதையும் அவர் சொன்னதையும் அவள் இங்கிலீஷில் சொன்னாள். சொல்லி முடித்ததும் டாக்டர், "அந்த 'மே' என்னுடையதுதான். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் இந்த வினையே வந்திருக்காது" என்றார். அவரை வேறெங்கோ கூப்பிட்டார்கள். போகும்போது, போனைத் துண்டிக்கவில்லை, பெரியவர் ஏதாவது கேட்க நினைத்தால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அவள் நடுவில் நிற்க இரண்டு பேர் இல்லை. விதிப்படி அந்த நிமிடமே அவள் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"ரெண்டு நாள் அவ நல்லாச் சாப்பிட்டாம்மா" என்றார் கிழவர். "அதைச் சொல்லணும்னுதான். போன வாரம் புதன், வியாழன். அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை."

பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "யாரு?"

"போன்ல வர்ற அம்மா."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா, அவங்கதான்."

"குடுங்க இப்படி."

போன் படுக்கையில் சரிகிற சத்தம். அந்த அம்மாள் மூச்சு வாங்க, விட்டுவிட்டுப் பேசினார். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கு நம்ம பேச்சு வராது. நான் போறேன், போறேன்னு கையாலயே சொன்னேன். அவளும் கையாலயே டாட்டா காட்டிட்டா. இப்ப பார்த்தா ரெண்டு பேருக்கும் சிரிப்பா வருது."

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள் அவள்.

"அது கெடக்கு. நீ ஏதாவது பேசு. ஒரு மாசமா இவர் பேச்சையே கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு அந்த நேரத்தில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பிறகு, தான் உட்கார்ந்திருக்கும் அறையைச் சொல்ல ஆரம்பித்தாள். "நான் ஒரு சின்ன ரூம்ல இருக்கேன்மா. கதவுல ஒரு போர்வையை ஆணியடிச்சு மாட்டியிருக்கேன், சத்தம் வராம இருக்க."

"என்ன கலர்?"

"பச்சை. ஓரமெல்லாம் நைஞ்சுபோச்சு."

"நைஞ்சா உள்மடிச்சுத் தைக்கணும். விட்டா பிரிஞ்சுக்கிட்டே போகும்." மூச்சுக்காக நிறுத்தினார். "வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப சாப்பாடு?"

"நேரம் கெடச்சா."

"நேரம் தானாக் கெடைக்காது. உக்காந்து சாப்பிடு."

அவள் மேலும் பேசினாள். மாடிப்படியில் ஏறும் எதிர்வீட்டுக்காரரின் இருமல், மழை பெய்தால் ஒழுகும் சமையலறை மூலை, ஊரில் இல்லாத தங்கை. எதற்கும் யாரும் பதில் சொல்லாத ஒரு கட்டத்தில், "தூங்கிட்டாம்மா" என்றார் கிழவர் தாழ்ந்த குரலில். "வச்சுடறேன். நல்லா இருங்க."

மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "எட்டு நிமிஷ வேலை. அதுக்கப்புறம் இருபத்திரண்டு நிமிஷம் உங்க வீட்டுப் போர்வையைப் பத்திப் பேசியிருக்கீங்க. இதை நான் எந்தக் கணக்குல எழுதறது?"

"பேசினேன் சார். ஒத்துக்கறேன்."

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஒரு மாதத்துக்கு அந்த ஆஸ்பத்திரியின் அழைப்புகள் அவளுக்கு வராது என்றார்கள். பல் ஆஸ்பத்திரியும், கண் ஆஸ்பத்திரியும், மருந்துக் கடைகளும் வந்தன. யாருக்கோ கண்புரை, யாருக்கோ கடைவாய்ப் பல். அவள் எல்லோருக்காகவும் 'நான்' என்றாள்.

அடுத்த புதன்கிழமை காலை, முதல் அழைப்புக்கு முன்னால், மேற்பார்வையாளரே பேசினார். "அந்த டாக்டர் உங்களுக்கு ரெண்டு வரி அனுப்பியிருக்காங்க. இதெல்லாம் சொல்லக் கூடாது. நான் படிக்கறேன், எழுதிக்காதீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஷீ டைடு ஆன் மண்டே. ஹர் ஹஸ்பண்ட் வாஸ் வித் ஹர்."

இறந்தார். கணவர் கூட இருந்தார். எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்க வழியில்லாத இரண்டு வாக்கியம்.

"இருக்கீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இருக்கேன் சார்."

"இன்னைக்கு லீவு எடுத்துக்கங்க. நான் பார்த்துக்கறேன்."

இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் வேலை நேரத்தில் எழுந்து போனது இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. துக்கம் கேட்கப் போகலாமென்றால் வீடு தெரியாது, பேர் தெரியாது. யாரிடமாவது சொல்லலாமென்றால், எனக்கு யார் போனார்கள் என்று சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பஸ் மாறி அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் போய் இறங்கினாள்.

தினமும் இந்தக் கட்டடத்துக்குள் பேசியிருக்கிறாள், கண்ணால் பார்த்ததில்லை. நீளமான தாழ்வாரமும் வெள்ளைச் சுவருமாக மனதில் கட்டிவைத்திருந்தாள். எதிரே நின்றது சாம்பல் நிறத்தில் ஏழு மாடி. பெயர்ப்பலகையில் இருந்த அத்தனை பிரிவுகளும் அவளுக்கு அத்துப்படி. எது எந்த மாடியில் என்பதை மட்டும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அந்த வார்டு நாலாவது மாடியில் இருந்தது.

விசாரணை மேஜையிலிருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"யாரையும் பார்க்க வரலை," என்றாள் அவள். "நான் இங்க வேலை பார்க்கறேன்."

அந்தப் பெண் அவள் கழுத்தில் அடையாள அட்டையைத் தேடினாள். இல்லை. ஆனாலும் என்ன நினைத்தாளோ, மேலே ஒன்றும் கேட்காமல் நாற்காலி வரிசையைக் கையால் காட்டினாள்.

அவள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் தொடங்கி ஜனங்கள் பையும் தூக்குமாக வந்துகொண்டிருந்தார்கள். லிஃப்டுக்குக் காத்து நின்றவர்கள் நாலைந்து மொழியில் பேசினார்கள். அதில் தமிழும் இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. யார் சொன்னதையும் யாருக்கும் மாற்றிச் சொல்லாமல், நேரம் முடிந்து மணியடித்து எல்லோரும் இறங்கிப் போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.